படம் முடியட்டும்

அம்மாவுக்குப் பிடித்த படங்களை எங்கள் வீட்டில் யாரும் அவற்றின் உண்மையான பெயரால் சொன்னதில்லை. அம்மாவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கதாநாயகி ஒரு தகரப்பெட்டியோடு புகுந்த வீட்டை விட்டு இறங்கி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் அதே பெட்டியோடு திரும்பி வருகிற படம் 'பெட்டிப் படம்'. அம்மா தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் தோழிகளோடு, பிறந்த ஊரான வடகரையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தது. அதற்குப் பிறகு அந்தத் தோழிகளை அவள் சேர்ந்தாற்போல் பார்க்கவேயில்லை. அதனால் அது பிடித்த படம். மாப்பிள்ளை கிணற்றில் விழுந்துவிட, வீடே அவனைத் தெருத் தெருவாகத் தேடுகிற கூத்து 'கிணத்துப் படம்'. அம்மா நிறைமாதமாக இருந்தபோது பார்த்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரி பயந்துபோய், "ஏ தாயி, மெதுவா, மெதுவா" என்று அம்மாவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம். நான் பார்த்த முதல் படம் அதுதான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள். அப்பா ஒருவர் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற ஆட்டோக்காரன் படமும் ஒன்று உண்டு. "எந்த அப்பன் மகட்ட மன்னிப்புக் கேட்டிருக்கான்? அதுக்காகவே திரும்பத் திரும்பப் பாக்கலாம்ட்டி" என்பாள்.

இப்போது என் அலுவலகத்தில் யாராவது, உங்களுக்குப் பிடித்த படங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால், மதிப்பாக நாலு பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையில் எனக்குப் பிடித்த படங்களில் பாதியை நான் பார்த்ததே கிடையாது. காதால் கேட்டதோடு சரி.

அப்பா போலீஸ்காரர். தென்காசியில் வாடகை வீடு. சீசன் தொடங்கிவிட்டால் அவருக்குக் குற்றாலத்தில் டூட்டி போட்டுவிடுவார்கள். அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் விசில் ஊதி எல்லோரையும் வெளியே இழுக்க வேண்டும். குறைந்தால் மறுபடியும் வரிசையில் விட வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவரது சட்டை, குளிக்க வந்தவர்கள் தேய்த்த எண்ணெய் வாடை அடிக்கும். அவருக்குச் சினிமா பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் இருட்டில் அத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது ஆண்பிள்ளைக்கு எப்படிச் சாத்தியம் என்பது அவருக்குப் புரியவில்லை.

ஆகவே அம்மா தனியாகப் போனாள். அப்பா டூட்டிக்கும் நான் பள்ளிக்கும் போன பிறகு, சோறு குழம்பை மூடி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போய்விட்டு, நான் வருவதற்குள் ஒன்றும் நடக்காததுபோல் வாசலில் நிற்பாள். எனக்கு மட்டும் தெரிந்துவிடும். அன்றைக்கெல்லாம் என் சடையை அவிழ்த்துப் பின்னுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். கதை முடிய வேண்டுமே.

அந்த ஆண்டுச் சீசனில் அப்பாவோடு டூட்டி பார்த்த ஏட்டு ஒருவர், அருவிக்கரையில் நாலு பேர் முன்னால், "உங்க வீட்ல இன்னைக்கும் மேட்னியா?" என்று கேட்டுவிட்டார். அவர் அதைத் தமாஷாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அப்பாவும் அங்கே சிரித்துவிட்டுத்தான் வந்தார். வீட்டுப் படி ஏறியதும் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஊருக்கே விசில் ஊதி ஒழுங்கு பண்ணுதேன். எம் பொண்டாட்டி எங்க போறான்னு இன்னொருத்தன் எனக்குச் சொல்லணுமா?"

"நான் என்ன களவாங்கவா போனேன்? படம் பாக்கத்தான போனேன்."

"சொல்லிட்டுப் போகணும்லா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

பதில் இல்லாத ஆண்கள் சொல்கிற ஒன்றை அவர் சொன்னார். "படம்தான் பெருசுன்னா அங்கனயே போய் இருந்துக்கோ."

மறுநாள் காலையில் மாமா வந்து அம்மாவை வடகரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் ஏறும்போது, "ரெண்டு நாள்ல வந்துருவேன்ட்டி" என்றாள். சீசன் பாதி முடிந்தும் வரவில்லை.

எங்களுக்குச் சமைத்துப் போடக் கடையத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்து சேர்ந்தாள். சினிமா பார்க்கிற பெண்களைப் பற்றி அத்தையிடம் நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றைப் பாத்திரம் தேய்க்கும்போது உரக்கச் சொல்வாள். அப்பா வாயைத் திறக்க மாட்டார். தலை பின்னும்போது அத்தை வெடுக்வெடுக்கென்று இழுத்து நொடியில் முடித்துவிடுவாள். அம்மா இல்லாததை நான் அதிகம் உணர்ந்தது அப்போதுதான். அழுதால் அப்பா, "வருவா, வருவா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடுவார். போய்க் கூட்டிவர வேண்டியவர் தான்தான் என்பது அவருக்குத் தெரியும். கூப்பிடாமல் வரக்கூடாது என்று அம்மாவும், சொல்லாமல் போனவள் தானாக வரட்டும் என்று அப்பாவும் இருந்தார்கள். சாரல் மட்டும் யாரும் கூப்பிடாமலே தினமும் வந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, "கிளம்புட்டி, தியேட்டருக்குப் போவோம்" என்றார். அத்தை கையிலிருந்த கரண்டியோடு அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

வடகரையிலிருந்து எல்லோரும் அன்றைக்கு மேட்னிக்கு வருகிறார்கள் என்று மாமாதான் அப்பாவுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படம் தொடங்கிவிட்டிருந்தது. அப்பா உடனே உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடைத் தாழ்வாரத்தில் சாரலுக்கு ஒதுங்கி என்னோடு வெகுநேரம் நின்றார். இடைவேளைக்குக் கூட்டம் வெளியே வந்தது. அம்மாவைக் காணோம். கூட்டம் திரும்ப உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து பாட்டு கேட்டது, பிறகு அழுகை கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா ஒரு முடிவுக்கு வந்தவர்போல் என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், கேட்டில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். அப்பா சாதாரண உடையில் இருந்தும் அந்த ஆள் அவருக்குச் சலாம் வைத்தார்.

அப்பா குனிந்து, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா உள்ள இருக்கா. போய், அப்பா வந்திருக்காங்க, வீட்டுக்குக் கூப்பிடுதாங்கன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"கூப்பிடுதாங்கன்னு சொல்லணும். வரச் சொன்னாங்கன்னு சொல்லிறாத. என்ன?"

எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

கேட்காரர் டார்ச் அடித்து என்னைக் கூட்டிப்போனார். மாமா ஓரத்தில், அடுத்து அவர் மனைவியான வடகரை அத்தை, அதற்கு அடுத்து அம்மா. என்னைப் பார்த்ததும் அம்மா ஒரு சத்தமும் போடாமல் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. படத்துக்காக அழுதாளா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. நான் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன்.

"கூப்பிடுதாங்கன்னா சொன்னாங்க?"

"ஆமா."

அம்மா திரையைப் பார்த்தாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு, வருடக்கணக்காகப் பேசாமலிருக்கும் அக்கா தங்கையின் கதை அது. பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் எடுத்த படம். அந்த நேரம் தங்கைக்காரி சூரியகாந்தித் தோட்டத்தின் நடுவே எங்கோ ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்தாள். வடகரைக்குப் போனபின் அவள் சிரித்தது அன்றுதான் என்று வடகரை அத்தை பின்னால் சொல்லுவாள்.

"கொஞ்சந்தான் இருக்கு. படம் முடியட்டும்னு சொல்லு. முடிஞ்சதும் வாரேன்னு சொல்லு."

நான் வெளியே ஓடினேன். அப்பாவிடம் சொன்னேன். திரும்ப உள்ளே ஓடினேன். திரையில் தோட்டம் போய்விடப் போகிறதே என்பதுதான் அப்போது என் கவலை.

மடியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா என் காதில் கேட்டாள். "அப்பா என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"வேற?"

"சரின்னாங்க."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"தெரியல."

படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய கை சாரலில் நனைந்திருந்த என் சடையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் கை நின்றது. செருப்பைக் காலால் துழாவினாள்.

"நான் வாரேன் மதினி."

"ஏ, உக்காரு. முடிஞ்சதும் சேந்து போலாம்லா? அவங்கதான் சரின்னுட்டாங்களே" என்றாள் வடகரை அத்தை.

"இல்ல மதினி. மழையில நிக்காங்க."

நான் அழுதேன். படம் முடியவில்லை என்று கத்தினேன். பின்வரிசையில் யாரோ, "பிள்ளைய வெளிய கொண்டுபோம்மா" என்றார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார். அப்பா குடையை விரித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அம்மா பின்னால் நடந்தாள். நான் வீடு வரைக்கும் அழுதேன்.

அன்று மாலையே கடையத்து அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். உண்மையிலேயே அதற்குப் பிறகு வீட்டில் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

அம்மா அதற்கப்புறம் தியேட்டருக்குப் போகவில்லை.

யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவளாகவே போகவில்லை. முதலில் எனக்குப் பரீட்சை என்றாள், பிறகு தம்பி பிறந்திருக்கிறான் என்றாள், பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோயிற்று. டிவியில் படம் போட்டால் அரிசி களைய எழுந்துவிடுவாள். பழைய படங்களின் கதையைக் கேட்டால் சொல்லுவாள், கிணத்துப் படத்துக்கு அதே மாதிரி சிரிப்பாள். ஆனால் புதிதாக ஒரு படத்துக்கும் அவள் பெயர் வைக்கவில்லை. நான் சென்னையில் வேலைக்கு வந்தபின் ஒருமுறை இங்கே பெரிய தியேட்டர் ஒன்றுக்கு அழைத்தேன். "எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காதுட்டி, நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். பார்த்துவிட்டு வந்து சொல்ல எனக்கு ஒருநாளும் அவளைப்போல் வராது. பாதியில் போன் வந்து எழுந்துவிடுவேன்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. சென்ற ஆடியில் தென்காசி வீட்டில், வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த அக்கா தங்கை படம் போனில் அகப்பட்டது. முழுவதும் பார்த்தேன். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். அம்மா எழுந்துவந்த இடத்திலிருந்து மிச்சம் கொஞ்சம்தான். சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, கொஞ்சம் உப்பு இருக்கா என்று அக்கா கேட்கிறாள். தங்கை ஒன்றும் பேசாமல் உப்பை எடுக்க உள்ளே ஓடுகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது.

சத்தம் கேட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றபின் அவருக்கு எதையும் உட்கார்ந்து பார்க்க நேரமிருக்கிறது.

"இது அந்தப் படம்லா?" என்றார். "அன்னைக்கு உங்கம்மா பாதியில வந்தாளே, அது."

"ஆமாப்பா."

"முடியட்டும்னு சொல்லிவிட்டா. சரி, ஆசையா பாக்கா, பாக்கட்டும்னு ஒரு டீயச் சொல்லிட்டு உக்காந்தேன். டீ வரதுக்குள்ள வந்து நிக்கா. என்ன அவசரமோ."

போனைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்குக் கோவம்னு நெனச்சிருப்பாங்கப்பா."

"கோவமா? நான்தான் சரின்னேனே. சரின்னா சரிதான?"

"அப்ப அதுக்கப்புறம் ஏன் ஒரு படத்துக்குக்கூட அம்மாவக் கூப்பிடல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடிந்த பின்னும் துடைத்தார். "அவளுக்குத்தான் படம்னா பிடிக்காமப் போயிட்டுன்னு நெனச்சேன். படம் ஓடிட்டு இருக்கப்பவே எழுந்து வந்தாள்லா? பிடிக்காதவளப் போட்டுக் கேட்டா, பழசக் குத்திக் காட்டுத மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

பிறகு, என்னிடம் இல்லாமல் போனைப் பார்த்துச் சொல்வதுபோல, "படம் நல்லாருக்காம்மான்னுகூட உங்கிட்டக் கேட்டேன்" என்றார்.

கேட்டார். அவர் சொன்ன பிறகு எனக்கு நினைவு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு, நான் திரும்பி ஓடத் தொடங்கியபோது, பின்னாலிருந்து, "படம் நல்லாருக்கா? அம்மாக்குப் பிடிச்சிருக்காமா?" என்று கேட்டார். நான் ஓடிக்கொண்டே, "தெரியாது" என்று கத்திவிட்டு இருட்டுக்குள் போய்விட்டேன். சொல்லச் சொன்னதைத்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். இதை அவர் சொல்லச் சொல்லவில்லை; கேட்கத்தான் செய்தார். வேறென்ன சொன்னார் என்று அம்மா இருட்டில் என் காதோடு கேட்டபோது, அந்தக் கேள்வியும் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஒன்று என்று எனக்குத் தெரியவில்லை.