ஐம்பத்தெட்டாம் பக்கம்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மலர் இன்றைக்கும் திருவொற்றியூர் குப்பத்தில்தான் இருக்கிறாள். அந்த பைல் இன்னும் அவள் போனில் இருக்கிறது. கேட்டால் காட்டுவாள், ஒரே ஒரு பக்கத்தைத் தவிர.

பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். இது பட்டப்பகலில் நடந்தது. மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில்.

மலரின் புருஷன் திருமுருகன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். பெரிய லாஞ்சுகளெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் காசிமேட்டில் கட்டிக் கிடந்த நேரம் அது. கரையோரம் போய்வரும் சின்னப் படகுகளுக்கு அதுதான் நல்ல காலம். அந்த நேரம் பார்த்து அவனுடைய பழைய மோட்டார் மண்டையைப் போட்டது. கூடப் போகிற பங்காளியோ டைபாய்டில் படுத்துவிட்டான். திருமுருகன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். காசிமேட்டுத் தரகன் ஒருவனிடம் கைமாறி வந்த ஒரு மோட்டாரை வாங்கிக்கொண்டு, தனியாகவே நண்டு வலைக்குப் போகிறேன் என்று நின்றான்.

தனியாகப் போகிறவனுக்கு மோட்டார்தான் துணை. அது கடலில் நின்றுவிட்டால் கூப்பிடக்கூட ஆள் கிடையாது. இந்த மோட்டாரோ நின்று நின்று போனது.

புது மோட்டார் வந்தால் முதலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். இதுவும் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. அருமையாக ஓடியது. இருபத்து மூன்று நிமிடம் கழித்துப் பட்டென்று அடங்கியது. மெக்கானிக் லியாகத் அலி பாய் காசிமேட்டில் முப்பது வருஷமாக மோட்டார் பிரிக்கிறவர். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் குழாயைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். மறுபடியும் இருபத்து மூன்று நிமிடம்தான். ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ரொம்பப் பழைய மாடல், இதற்கென்று கம்பெனி போட்ட சர்வீஸ் புத்தகம் இருந்தால் பார்க்கலாம் என்று பாய் கையை விரித்தார். மலர் கல்யாணத்துக்கு முன் ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தவள். இங்கிலீஷ் படிப்பாள். நெட்டில் நான் தேடுகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்தாள். லேசில் கிடைக்கிற சரக்கா அது? ஒரு தளம் டாலரில் காசு கேட்டது. இன்னொன்றில் டவுன்லோட் என்று பச்சையாக நான்கு பட்டன், எதை அழுத்தினாலும் ரம்மி ஆட வா என்று கூப்பிட்டது. ஒன்று கிடைத்தது, திறந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் புத்தகம். மலர் வாயில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

கடைசியில் எங்கோ ஒரு மூலையில் ஒரு பக்கம் சிக்கியது. படமில்லை, விளம்பரமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பக்கம், நடுவில் மோட்டாரின் மாடல் நம்பர் மட்டும். அதைத் தொட்டாள். டவுன்லோட் ஆமை மாதிரி நகர்ந்தது. ஆனால் முழுசாக வந்து சேர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அதே மோட்டார்.

யாரோ பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்திருந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்தால் ஓரமெல்லாம் கறுப்பாக விழுமே, அதுபோல் ஒவ்வொரு பக்கத்தின் ஓரமும் இருண்டு கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அது கறுப்பில்லை, கரும்பச்சை. பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை வேறு. விரலின் நுனியைக் காணோம். சரிவாகச் சீவியது போல் பாதி விரல்தான் பதிந்திருந்தது. ஓரங்களில் நீலப் பேனாவால் குறிப்புகள்.

அத்தனையும் தமிழில்.

மலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்மூர் மெக்கானிக் எவனோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். குண்டு குண்டான அழகான கையெழுத்து. 'இந்த நட்டை ரொம்ப இறுக்கக் கூடாது.' 'உப்புத் தண்ணி பட்டா உடனே நல்ல தண்ணியில கழுவணும்.' புரட்டிக்கொண்டே போனாள்.

ஐம்பத்தெட்டாம் பக்கம். மோட்டாரை அவசரத்துக்கு நிறுத்தும் சுவிட்சைப் பற்றியது. இங்கே கையெழுத்து வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல்முதலாகப் பலகையில் எழுதியதுபோல் கோணல் மாணலாக, அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது. வார்த்தை எதுவும் இல்லை. இரண்டு எண்கள்தான்.

11.17

11.40

கழித்துப் பார்த்தாள். இருபத்து மூன்று.

என்னமோ தோன்ற, போனில் டவுன்லோட் விவரத்தைத் திறந்தாள். தொடங்கிய நேரம் 11.17. முடிந்த நேரம் 11.40.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பயத்தை வெளியே சொன்னால் திருமுருகன் கேலி செய்தே கொன்றுவிடுவான். அதனால் மறுநாள் பாயிடம் அந்தப் பக்கத்தை மட்டும் சொன்னாள், சுவிட்சைப் பாருங்கள் என்று. பாய் மூடியைத் திறந்துவிட்டு, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்தார். சிவப்புப் பட்டனுக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் செருப்பை வெட்டிச் சொருகி, பச்சை நைலான் நூலால் சுற்றி இறுக்கியிருந்தது.

விஷயம் இதுதான். அந்த இடத்தில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். கிளிப்பிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை ஓட்டுகிறவன் மணிக்கட்டில். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு இழுக்கும், கிளிப் பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும், படகு அவனை விட்டுப் போகாது. ஆனால் வலையை இழுக்கக் குனியும்போதெல்லாம் கயிறு இழுத்து மோட்டார் நின்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால் குப்பத்தில் பாதிப் பேர் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செருப்புத் துண்டைச் சொருகிவிடுவார்கள்.

"எல்லாரும் பண்றதுதாம்மா. இதுக்கும் மோட்டாரு நிக்கறதுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றார் பாய்.

மலர் விடவில்லை. செருப்புத் துண்டைப் பிடுங்க வைத்தாள். பாய் தன் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறும் கிளிப்பும் எடுத்து மாட்டினார். டிரம்மில் ஸ்டார்ட் செய்தார்கள்.

இருபத்து மூன்று நிமிடம் ஆனது. இருபத்து நான்கு. முப்பது. ஒன்றரை மணி நேரம் ஓடியது, பாய்தான் போதும் என்று நிறுத்தினார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு டீ குடிக்கப் போனார்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணி. திருமுருகன் கிளம்பினான். கரை வரைக்கும் மலர் கூடப் போனாள். கிளிப் அதன் இடத்தில் இருந்தது. கயிற்றின் மறுமுனையை அவன் மோட்டார் கைப்பிடியிலேயே சுற்றி வைத்திருந்தான்.

"அத்த கைல மாட்டிக்க மாமா."

"மாட்டுக்குக் கட்ற மாரி எனுக்குக் கவுறா? மோட்டாரு ஓடுது இல்ல? வூட்டுக்குப் போ."

போய்விட்டான். மலருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உலையில் அரிசியைப் போட்டாள், உப்புப் போட்டோமா என்று மறந்து மறுபடியும் போட்டாள். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

மணி 11.05. போனை எடுத்து அந்த பைலைத் திறந்தாள்.

மொத்தம் நூற்றுப் பதினொரு பக்கம் என்று காட்டியது. ஒன்று குறைந்தது. ஐம்பத்தெட்டுதான் போய்விட்டதோ என்று தள்ளிப் பார்த்தாள். அது இருந்தது.

பாதிப் பெருவிரல் ரேகை முன்பு மேலே இருந்தது. இப்போது கீழே இருந்தது.

எண்களுக்குக் கீழே புதிதாக ஒரு வார்த்தை. அதே கோணல் எழுத்து.

'கவுறு'

11.12. திருமுருகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது... எடுக்கவில்லை.

11.14. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

போன் திரை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்தாள். மறுபடி ஈரம். விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

11.16. மூன்றாவது முறை.

எடுத்தாயிற்று. மோட்டார் சத்தம் இல்லை. காற்றுச் சத்தமும் இல்லை. களுக்... களுக்... என்று தண்ணீர் மட்டும், காதுக்கு மிக அருகில்.

"மாமா, அந்தக் கவுத்தக் கைல மாட்டு. உன் கால்ல வுழறேன். மாட்டு."

களுக்...

களுக்...

"ம்."

அது திருமுருகனின் குரல் இல்லை.

லைன் போய்விட்டது. மணி 11.17.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் மலர் கரையில் நின்றாள். வெயிலில் மணல் கொதித்தது, செருப்பில்லாமல் நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணிக்குப் படகு வந்தது. திருமுருகன் இறங்கி நேராக மணலில் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வலது மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கயிறு.

எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று தூரத்தில் போனதாம். அதன் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. நண்டு வலையோடு குனிந்திருந்தவன் தலைகுப்புறக் கடலில் விழுந்தான். கயிறு இழுத்தது, கிளிப் பிடுங்கியது, மோட்டார் நின்றது. படகு பத்து முழம் தள்ளி அப்படியே நின்றது. நீந்திப் போய் ஏறிவிட்டான். இல்லாவிட்டால் அது அவனை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருக்கும்.

என் பேச்சைக் கேட்டு மாட்டினாயே, அது போதும் என்று மலர் அழுதாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"நான் மாட்டல, மலரு. வுழுந்த அப்பறந்தான் பாத்தேன், கைல இருந்துச்சு."

போனில் நான் சொன்னேனே என்றாள். அவன் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தான். காலை எட்டு மணிக்கே சார்ஜ் தீர்ந்து அணைந்து போயிருந்தது.

அன்றைக்கே லியாகத் அலி பாய் தரகனின் சட்டையைப் பிடித்துவிட்டார். கடலில் ஆளை இழந்த படகின் மோட்டாரை விற்றால் வாங்குகிறவனிடம் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது இந்தக் கரையில் எழுதாத சட்டம். தரகன் மறைத்துவிட்டான். மோட்டார் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த கிருஷ்ணப்பன் என்பவருடையது. சம்சாரம் பெயர் பூவம்மா.

ஞாயிற்றுக்கிழமை மலரும் திருமுருகனும் போனார்கள். பூவம்மா நாற்பது வயசுக்காரி. போன வருஷம் கிருஷ்ணப்பன் தனியாகப் போய், தவறி விழுந்துவிட்டார். ஆளில்லாத படகு வட்டமடிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரன் பூவம்மாவுக்குப் போன் செய்தபோது மணி 11.17. பெட்ரோல் தீர்ந்து அது நிற்கும்வரை ஒருவராலும் அதன் கிட்டே போக முடியவில்லை. நின்றபோது 11.40. ஆள் கிடைக்கவில்லை.

மலர் போனை நீட்டினாள். பூவம்மா ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள்.

"இது எல்லாம் என் எழுத்து. அவுரு கைநாட்டு. ஒரு எழுத்தும் தெரியாது. மோட்டாரு ஸ்டார்ட் பண்ற கவுத்துல மாட்டி வலது கட்டவெரலு பாதி போயிடுச்சு. அவுரு சொல்லச் சொல்ல நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

ஐம்பத்தெட்டாம் பக்கம் வந்தது. பூவம்மா நிறுத்தினாள். அந்தக் கோணல் எழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துல நான் எதுவும் எழுதல. செருப்பச் சொருவிக்கலாம், இது நமக்கு வோணாம்னு தள்ளிட்டாரு."

அந்தப் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்தீர்களா, யார் ஸ்கேன் செய்து நெட்டில் ஏற்றினார்கள் என்று மலர் கேட்டாள்.

பூவம்மா போனைக் கீழே வைத்தாள்.

"யாருக்கும் குடுக்கல. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எப்பவும் இடுப்புல சொருவிக்கினுதான் போவாரு. அன்னிக்கும் அப்டித்தான் போனாரு."

கீழே வைத்த போனை மலர் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் புக்கு இன்னும் அவுருகிட்டதாம்மா கீது."