ஒரு பரல் டீசலுக்கு வாக்கெடுப்பு

நாடு கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென்று அறிவித்த ஆண்டில், நெடுங்கேணிப் பக்கத்துக் குளமொன்றின் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அரச உத்தியோகத்தனாகத் தலைமை தாங்கினேன். கடன் வாங்கும்போது எவரும் எங்களைக் கேட்கவில்லை. அதன் விளைவைப் பங்கிடும் உரிமையை மட்டும், "மக்களே தீர்மானிக்கட்டும்" என்று மேலிடம் பெருந்தன்மையோடு எங்களிடம் விட்டது.

எங்கள் பங்கு ஒரு பரல் டீசல், ஒரேயொரு பீப்பாய். விளைந்து நிற்கும் நெல்லை வெட்டும் மெசினுக்கு ஊற்றலாம். அல்லது சிறுநீரக நோயாளரை இரத்தச் சுத்திகரிப்புக்காக வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வான் வண்டிக்கு ஊற்றலாம். இரண்டுக்கும் போதாது.

விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் எழுந்தார். "ஐயா, யானை வயலுக்க இறங்கத் தொடங்கீற்றுது. இந்தக் கிழமை நாங்கள் வெட்டாட்டி அது வெட்டும். அதுக்கு டீசலும் தேவையில்லை."

சிரித்தார்கள். வான் சாரதி சிரிக்கவில்லை. "நெல்லு அடுத்த போகமும் விளையும் அண்ணை. என்ர வானில வாற சனம்?"

"அப்ப பாதி பாதியாப் பிரிப்பம்" என்றார் ஒருவர்.

"பாதி வயலை யானைக்கு எழுதிக் குடுக்கிறதோ?"

குளத்துக் கூட்டங்களில் வயற்காணி உள்ளவர் மட்டுமே கை உயர்த்துவது வழமை. டீசலுக்கும் அதே விதியைப் பிரயோகித்தோம். வேறு விதி எங்களுக்குத் தெரியாது. நோயாளர் அநேகமாகக் கூலி வேலை செய்பவர்கள். ஆகவே வாசலில் நின்று ஜனநாயகத்தைப் பார்வையிட்டார்கள். நோயாளருள் காணி இருந்தது ஒருவருக்கே. அவர் என் மனைவி. தகப்பன் கொடுத்த வயல் அவர் பெயரில் இருந்தது. கூட்டத் தலைவரான எனக்கு வாக்கில்லை.

"மெசினுக்கு எண்டுறவை கையை உயர்த்துங்கோ" என்றேன்.

ஊசி ஏறித் தழும்பு விழுந்த இடக்கையை அவர் உயர்த்தினார்.

வீடு திரும்பும் வழியில், "ஏன் தூக்கினீர்?" என்றேன்.

"வெளியில நிண்ட சனமும் அந்த நெல்லை நம்பித்தானே கிடக்குது. கூலி இல்லாட்டி எதைத் திண்டுபோட்டு வானில ஏறுறது? நீங்கள் கேட்டனீங்கள், நான் சொன்னனான். இப்ப ஏன் கோவிக்கிறியள்?"

அறுவடை நல்லபடி முடிந்தது. அடுத்த பரல் தாமதமாக வந்தது. அப்போது வானில் ஓர் இருக்கை குறைவாகவே தேவைப்பட்டது.

பின்னர், பணமில்லை என்று உள்ளூராட்சித் தேர்தலை ஒத்திவைத்தார்கள். எங்கள் வாக்கெடுப்புக்கு ஆன செலவு, சீனி போடாத தேநீர்.

இளைய உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: மக்களிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன், அந்த விடைக்கு விலை கொடுக்கப்போகும் எல்லோருக்கும் வாக்கு உண்டா என்று பாருங்கள். வாசலில் நின்றவர்களுக்கு இருக்கவில்லை. என் மனைவிக்கு இருந்தது. அதனால்தான் நான் இதுவரை எவரிடமும் முறையிடவில்லை.