எட்டாவது நட்டு

ஊரப்பாக்கத்தில் எங்கள் சர்ச்சின் அறுப்புப் பண்டிகைக்கு வருடாவருடம் ஒரு குடும்ப நாடகம் உண்டு. எழுதி இயக்குபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஞானதாஸ் அண்ணன். தங்கள் பாத்திரம் எந்தக் காட்சியில் என்ன மனநிலையில் இருக்கிறது என்று நடிப்பவர்கள் ஒரு நோட்டில் எழுதியாக வேண்டும். அது அவர் வழக்கம். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்த என்னிடம் அந்த நோட்டையும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையையும் கொடுத்தார்.

இந்த வருடம் அம்மா வேடம் ஜாய்ஸ் அத்தைக்கு. பள்ளிக்கூடத்தில் ஆயா. கணவர் இறந்து ஆறு வருடம். பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் எட்டாவது வரை படித்தார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் காட்சிக்கு ‘மருமகள் மேல் எரிச்சல், வெளியே காட்டவில்லை’ என்று எழுதியிருந்தார். இரண்டாவதற்கு ‘பயம்’. மகன் தனிக்குடித்தனம் போகும் மூன்றாவது காட்சிக்கு நேரே ஒன்றும் இல்லை.

அதில் அம்மா தரையில் விழுந்து அழ வேண்டும். ஒத்திகையில் அத்தை நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னாமா மரம் மாதிரி நிக்கிற? புள்ள பூடுறான்மா!” என்றார் ஞானதாஸ் அண்ணன்.

“தெரிதுண்ணே. அழுவ வர்ல.”

“ஜூன் மாசம் உன் சாமு பூட்டானே, அன்னிக்கு இன்னா பண்ண? அதப் பண்ணு.”

“எட்த்துனு போறதுக்குக் கட்டிலக் கயட்டினான். நட்டெல்லாம் பொறுக்கி ஒரு பையில போட்டுக் குட்த்தேன்.”

மகனாக நடிக்கும் கலைவாணன் சிரித்துவிட்டான். “அதுக்கு எவன் அத்த கை தட்டுவான்?”

“சனிக்கெழம அழுவலன்னா வேஷம் ஷீலாவுக்கு” என்றார் அண்ணன்.

“வாணாண்ணே. சாமு பாக்க வரேன்னுக்கீறான்.”

மதுராந்தகத்துக்குக் குடிபோன பிறகு மகன் சாம் ஒருமுறைகூட வீட்டுக்கு வந்ததில்லை. சனிக்கிழமை அத்தை முந்தானையால் முகத்தை மூடித் தோளைக் குலுக்கினார். அண்ணன் சரியென்று விட்டுவிட்டார்.

ஞாயிறு மாலை சாமும் அவன் மனைவி சிநேகாவும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது காட்சியில் கலைவாணன் மேடையிலிருந்த கட்டிலின் ஒரு காலை மட்டும் கழற்றித் தோளில் வைத்தான். அத்தை அசையவில்லை. “என்னக் கொன்னுட்டுப் போடா” என்று இரண்டு முறை எடுத்துக்கொடுத்தேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரே ஒரு நட்டு.

“இந்தா. இது வுட்டுப்போச்சு.”

கூட்டம் சிரித்தது. ஒருவன் விசில் அடித்தான். கலைவாணன் கட்டில் காலை அடுத்த தோளுக்கு மாற்றினான். “நீயே வச்சிக்கமா” என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் அவசரமாகத் திரையை இழுக்கச் சொன்னார்.

நாடகம் முடிந்ததும் சாம் மேடைக்குப் பின்னால் வந்தான்.

“ஏம்மா, அது நம்ம கட்டிலோடதா?”

“ஆமா. எட்டுல ஏழுதான் பையில போட்டேன். கேட்டுகினு வருவன்னு.”



“ஆடிக்கினேதான் இருந்துச்சு. அப்பால கடையில வேற வாங்கிப் போட்டுட்டேம்மா.”

“இப்ப ஆடலியே?”

“இல்ல.”

“சரி.”

செங்கல்பட்டு போய் மாற வேண்டும், வண்டிக்கு நேரமாகிறது என்று சிநேகா வாசலிலிருந்து கூப்பிட்டாள். சாம் போனான். அத்தை நட்டை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூன்றாவது காட்சியைப் பார்த்தார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

“அந்தப் பக்கம் புடிம்மா. பாஸ்டர் வூட்டுக் கட்டிலு, இன்னிக்கே குட்த்துடணும்” என்று சொல்லி, மேடைக் கட்டிலின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.