காது மிஸ் காலைப் பார்க்கிறா

தேவாலயப் பங்கு மண்டபத்து வாசலில் நின்று, வருகிறவர்களின் கால்களைப் பார்க்கிறாள் ஆரபி. காது சோதிக்கிற பிள்ளைக்குக் காலில் என்ன அலுவல் என்று குருநகர்ச் சனம் இன்னும் முடிவு கட்டவில்லை. "காது மிஸ் செருப்புக்கும் அளவெடுக்கிறாவோ?" என்று ஒரு மனுசி கேட்டே விட்டார்.

சனிக்கிழமைகளில் உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பின்னால் சோதனைப் பெட்டி, குழந்தைப்பிள்ளை மாதிரிச் சீலையால் சுற்றி. வந்ததும் மின்விசிறியை நிற்பாட்டுவாள், மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றுவாள், வெளியே மீன் ஏலம் கூறுகிறவர்களை அரை மணித்தியாலம் வாய் பொத்தச் சொல்லுவாள். அவர்களும் பொத்துகிறார்கள், காகமும் பொத்தும். பூசணிக்கொடி ஓடுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்குமென்று உடுவிலில் ஒரு கதை. அதுவும் கொஞ்சம் குறைத்துச் சொன்னது.

அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடத்துக்கு முன் ஒருவரைக் கேளாமல் விட்டாள்.

கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிற எமில்ராஜ், ஆரபி வேலை செய்கிற கிளினிக்குக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கண் சிவப்பு, கதை பெருஞ்சத்தம். ஆரபி கதிரையை விட்டு எழும்பவுமில்லை. "குடிவெறி முறிஞ்ச பிறகு வாங்கோ, அண்ணை" என்றாள். வரிசை சிரித்தது. அந்த வசனம் பஸ் ஏறாமலே அவருக்கு முன்னம் குருநகர் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எவரும் அவரைப் படகில் ஏற்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவி பெர்னடெட் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவர் குடியைத் தொடுறேல்லை, மிஸ். ஆழத்திலையிருந்து கெதியா, ஒரே மூச்சிலை ஏறின நாள் தொடக்கம் ஒரு காது அடைப்பு, தலைச்சுத்து."

காதுக்குள்ளேதான் ஆளை நிமிர்த்தி வைக்கிற பகுதியும் இருக்கிறது. அது பழுதானால் காலடிதான் முதலில் தடுமாறும்; உடனே பார்க்கவேண்டும். ஆரபி அதிக புள்ளி எடுத்ததும் அந்தப் பாடத்தில்தான்.

குருநகர்ச் சனிக்கிழமைகள் அப்படித் தொடங்கியவை. "கடவுள் அனுப்பின பிள்ளை" என்று யாராவது புகழ்ந்தால் அவள் குனிந்து, முடிச்சுப் போட்டிருக்கிற பெட்டி வயருக்கே திரும்பவும் முடிச்சுப் போடுவாள். எமில்ராஜின் வீட்டுப் படலையடிக்குப் பதினொரு தரம் போனாள். பதினொரு தரமும் அவர் முதுகைத்தான் கண்டாள்.

போன சனிக்கிழமை அவரே வந்தார், சுவரைப் பிடித்தபடி. மண்டபம் நிறையச் சனம். நேரே அவள் முன்னால் நின்று, "முதலிலை ஊதிக் காட்டவோ, மிஸ்?" என்றார்.

ஆரபிக்குக் காது மடல்வரை சுட்டது. கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "வேண்டாம், அண்ணை. அண்டைக்கு நீங்கள் குடிக்கேல்லை. நான்தான் பாராமல் சொன்னனான்."

மீன் கூறுகிறவர்கள் இந்தமுறை அவள் சொல்லாமலே அடங்கினார்கள்.

"இனிக் கடலுக்குப் போகலாமோ?"

"சுழியோட ஏலாது. படகிலை நிக்கப் பழக்கலாம். மாதக்கணக்காகும்."

குனிந்து அவருடைய செருப்பைக் கழற்றினாள். கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடச் சொன்னாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். இடம் சரிந்தார், வலம் சரிந்தார், பிறகு நின்றார். தொட்டும் தொடாமலும் அவரைச் சுற்றி விரித்த கைகளை, அவர் கண் திறந்த பிறகும் அவள் இறக்கவில்லை.