கூடாத குழு

இன்று வெள்ளகோவில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கக்கா, தையல் பயிற்சிப் பள்ளியில கிளார்க்கா இருந்தது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன். அவர் மைமூன். எழுபதுகளில் எங்கள் பள்ளியில் முதலாவதாகத் தேறியவர்.

பள்ளியை நடத்த மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. தலைவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. மூவரில் ஒருவருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் மூவரும் கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். தலைவர் பதவிக்காக அவர்கள் அடித்துக்கொண்டதில் இரண்டு வருஷம் குழு கூடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மைமூனுக்கு உடுமலைப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்தது. சான்றிதழ் கேட்டுத் தினமும் என் மேசை முன் வந்து நின்றாள்.

"அடுத்த வாரம் கூடிருவாங்க கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். கூட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம்.

ஆசிரியை வேலை வேறொருவருக்குப் போனது. மைமூன் தலைவரின் கம்பெனியிலேயே பனியன் மடிக்கப் போனாள்.

"முப்பது வருசம் மடிச்சேனுங்க," என்றார் இன்று. "உங்க மேல வருத்தமில்லீங்கக்கா. நீங்களும் நம்பித்தானே சொன்னீங்க?"

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பொங்கலூரில் இறங்கிக் கையசைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தலைவரின் பெயர் இப்போது ஒரு கல்லூரி வாசலில், 'கல்வி வள்ளல்' என்ற பட்டத்தோடு இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி யார் பெயர் இருக்கிறது? எழுதுங்கள். என்னைப் போல் தெரிந்தே பொய் சொன்ன கிளார்க்குகளும் தங்கள் கதையை எழுதலாம். நமக்குத்தான் எங்கேயும் பெயர்ப் பலகை இல்லையே.