வெள்ளம் பார்க்கப் போனவர்கள்

வெள்ளம் வருகிறது என்றால் மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றை விட்டு ஓடுவார்கள். எங்கள் ஸ்ரீரங்கத்தில் ஆற்றைப் பார்க்க ஓடுவார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், பிள்ளைகுட்டியோடு கொள்ளிடம் பாலத்தில் போய் நிற்பார்கள். சுண்டல் வண்டிக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம். இந்தப் பழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. அந்த வருடத்துக்குப் பிறகு நினைத்தாலே குமட்டுகிறது.

நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பேரிடர் வந்தால் ஒரு தெரு எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். புத்தகத்தோடு விட மனமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையோரத் தெரு ஒன்றுக்குப் போனேன். என் மாணவி ஒருத்தியின் வீடு அங்கேதான். அவள் அப்பா லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடந்தார். அம்மா இல்லை. தண்ணீர் ஏறினால் அவரை யார் தூக்குவது என்று தெருவில் கேட்டேன்.

"நாங்க இருக்கோம்ல டீச்சர்," என்று நான்கு இளைஞர்கள் முன்னால் வந்தார்கள்.

ஒத்திகையும் நடந்தது. தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில். கட்டிலோடு அவரைத் தூக்கி, முகாமாக ஒதுக்கியிருந்த எங்கள் பள்ளி வரைக்கும் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் செல்ஃபி. எனக்கு அப்போதே எரிச்சல்தான். தூக்குகிறார்களே, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி மாதம் வெள்ளம் வந்தது. கரையோர மக்கள் உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டு போனது. நான் பள்ளியில் முகாமைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். தெருச்சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது. கட்டில் மட்டும் வரவில்லை. நால்வருக்கும் போன் செய்தேன், ஒருவனும் எடுக்கவில்லை. எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். நால்வரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர், நீங்களும் தண்ணி பாக்க வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

"அவரத் தூக்கியாச்சா?"

"தோ, போயிடலாம் டீச்சர். தண்ணி இன்னும் ஏறணும்ல."

 வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். சாக்கடைக் குப்பையும் செத்த எலியும் அதில் மிதந்தன. உள்ளே அவர் மகள், கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு படிக்கும் இரண்டு பெண்கள் தாமாகவே வந்திருந்தார்கள். மூலைக்கு ஒருவராக நாங்கள் நால்வரும் கட்டிலைத் தூக்கினோம். மூச்சு முட்டியது. வழியில் இறக்கி வைத்து, இறக்கி வைத்துத்தான் போனோம்.

பள்ளி வாசலை நெருங்கும்போது அந்த இளைஞர்களின் பைக்குகள் வந்து நின்றன. ஒருவன் ஓடிவந்து என் பக்கத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்தான். இன்னொருவன் எதிரே நின்று போனை உயர்த்தினான்.

"டீச்சர், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலில் கிடந்தவர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"கைய எடு தம்பி," என்றார். "பொண்ணுங்க கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க."