ஸ்பானியச் சிவப்பு வைனுக்கு ஆட்டுக் குடல்

ஒரு துளி வைன்கூட வாயில் வைக்காமல் ஒரு வருடம் முழுவதும் வைன் நிபுணனாக வாழ்ந்தவன் நான். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எதையாவது அளந்தால்தானே பொழுது போகும்? நூலகத்தில் இரவல் எடுத்த இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு வைனைப் பற்றி அளந்தேன். மற்றபடி என் குடிவரலாறு, கலியாண வீடுகளில் விஸ்கிக்குள் சோடா விட்டுக் குடிப்பதோடு முடிந்துவிடும்.

போன மாசியில் எங்கள் மனேஜர் என் பேச்சில் மயங்கிவிட்டார். ஸ்பெயின்காரர். ஊரிலிருந்து வந்த முரட்டுச் சிவப்பு வைன் ஒரு போத்தல் இருக்கிறதாம். விஷயம் தெரிந்த ஆளோடுதான் திறப்பாராம். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன், அதற்குத் தோதான சாப்பாட்டை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்றார். சுப்பவைசர் வேலைக்கு அவர் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டியலில் என் பெயரும் இருந்தது. புளுகன் என்று பிடிபட்டால் அதோடு சரி.

"ஃபிறைட் றைஸும் கோழிப் பொரியலும் செய்வம். வெள்ளையளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றாள் மனைவி.

நான் புத்தகத்தை விரித்தேன். அந்த வைனுக்குக் கொழுப்புள்ள கனமான இறைச்சி வேண்டும். மீனோடு குடித்தால் இரும்பை நக்கின மாதிரி இருக்கும். உறைப்புக் கூடினால் வாய் எரியும். மனேஜரின் ஊரில் இறைச்சியோடு குடலும் ஆக்கி அந்த வைனோடு சாப்பிடுவார்களாம்.

"ஆட்டுக் குடல்" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? வேலை தரப்போற மனுசனுக்குக் குடலே குடுக்கப் போறியள்?"

வெக்ஸ்போர்ட்டிலிருந்து வந்து எங்களோடு நின்ற மனைவியின் தம்பி சோபாவில் கிடந்தபடியே சொன்னான்: "அத்தான், பக்கத்தில ராஜினாமாக் கடிதத்தையும் வையுங்கோ."

நான் அசையவில்லை. மிளகாய்த்தூளைப் பாதியாக்கி மிளகைக் கூட்டு என்றும் சொன்னேன். குடலைவிட அதுதான் மனைவிக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

சனிக்கிழமை மனேஜர் வந்தார். கதவைத் திறந்ததிலிருந்து அவருக்கு வைன் வகுப்பு எடுத்தேன். அவர் போத்தலைத் திறந்து முதல் கிளாஸை எனக்கே ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போன சாயத்தேநீரில் ஆணி ஊறப்போட்ட மாதிரி இருந்தது. முகம் தன்பாட்டில் கோணிக்கொண்டது.

அவர் என்னையே பார்த்தார். இதுதான் முதல் தடவையா என்று கேட்டார்.

மச்சான் அண்ணாந்து முகட்டைப் படிக்கத் தொடங்கினான். ஓம் என்றேன். எல்லாம் புத்தகத்தில் வாசித்தது என்றும் சொல்லிவிட்டேன். அவர் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

மனைவி அவசரமாகக் குடல் கறியையும் ரோஸ்ற் பாணையும் கொண்டுவந்து வைத்தாள். மனேஜர் ஒரு வாய் சாப்பிட்டார், நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன். அவர் பாணைப் பிய்த்துக் கோப்பையை வழித்துத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் என்றார். மூன்றாம் தடவை கேட்கவில்லை, சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து போகிற வீடெல்லாம் கோழி நெஞ்சுதான் கிடைத்ததாம்.

நானும் ஒரு வாய் குடல் சாப்பிட்டுவிட்டு வைனைத் தொட்டேன். அதே வைன்தான். ஆனால் ஆணியைக் காணவில்லை. கொழுப்பின் மேல் வழுக்கிக்கொண்டு சுகமாக இறங்கியது. புத்தகம் சொன்னது உண்மை! கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒன்று சரிவந்ததை மனைவி அன்றுதான் கண்ணால் கண்டாள். அந்த முகத்தைப் படம் பிடிக்காமல் விட்டதற்கு இப்போதும் வருந்துகிறேன்.

திங்கட்கிழமை சுப்பவைசர் ஆனேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்ததையும் நம்புகிறார்கள் என்பதை இன்றைக்கும் அந்த வைனின் துவர்ப்போடு சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

மனேஜருக்கு நன்றி சொன்னேன். அவர் சிரித்தார். அது வியாழக்கிழமையே முடிவான விஷயமாம். சொல்லத்தான் சனிக்கிழமை வந்தாராம், அவரை வாய் திறக்க நான் விட்டால்தானே என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மனைவி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப நான் ரெண்டு மணித்தியாலமா அந்தக் குடலைக் கழுவினது என்னத்துக்கு?"